கொட்டியாரத்தில் இறங்கின பொடியன்: வேலைக்கு முதல் ஊர் சுத்தலாமா?

ரொபர்ட் நொக்ஸ் கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேரும்போது இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை. இந்தக் காலத்துக் கணக்கில் ஏ.எல். எழுதிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிற வயசு. அவருடைய அப்பாதான் கப்பல் தலைவர். 'ஆன்' என்ற அந்தக் கப்பல் கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடியது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயல் அடித்து கப்பலின் பெரிய பாய்மரம் போய்விட்டது. புது மரம் போட வேண்டும், அந்த நேரத்துக்குள் கொஞ்சம் துணியும் விற்கலாம் என்று திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, இப்போதைய மூதூர்ப் பக்கம் வந்து நங்கூரம் போட்டார்கள். அவர்களுடைய வேலை வேறு இடத்தில் இருந்தது. இது வழியில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அப்பாவையும் மகனையும் கரைக்கு வந்த மாலுமிகள் சிலரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்பா அடுத்த வருஷமே காய்ச்சலில் இறந்துவிட்டார். மகன் வெளியே வர 19 வருஷம் எடுத்தது. மூதூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தடியில்தான் பிடிபட்டார்கள் என்று சொல்லி, அதற்கு நினைவுக் கல்லும் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் 'வெள்ளைக்காரன் எழுதின இலங்கை வரலாறு' என்ற ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். எனக்கு இது வேறொரு கேள்விக்கான கதையாகத் தெரியுது. எங்கட வயசில் நிறையப் பேர் கேட்கிற கேள்வி அது: வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகப்போறேன், அதுக்கு முதல் வேற எங்கயாவது சுத்திட்டுப் போகலாமா, நேரா போய் உழைக்கத் தொடங்குறதா?

முதலில் நொக்ஸையே பார்ப்போம். கைதி என்றதும் விலங்கு போட்டு ஒரு அறைக்குள் அடைத்து வைத்திருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஊர் ஊராகப் பிரித்து விட்டிருந்தார்கள். சாப்பாடு ஊர்ச்சனம் கொடுக்க வேண்டும், மற்றதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். மற்றக் கைதிகளும் பின்னத் தொடங்க விலை விழுந்துது. பிறகு நெல் கடன் கொடுத்தார், அறுவடைக்குப் பாதி மடங்கு கூட்டி வாங்கினார். கடைசியில் ஸ்டீவன் ரட்லண்ட் என்ற கூட்டாளியோடு சேர்ந்து புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கத் தொடங்கினார்.

அந்த வியாபாரம் போன திசையைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வடக்குப் பக்கமாகவே போனார்கள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தூரம். எந்தப் பாதையில் காவல், எந்தக் காட்டில் தண்ணி, எந்த ஊரில் ஆட்கள் கேள்வி கேட்பார்கள் என்று வருஷக்கணக்காகப் படித்தார்கள். 1679இல் அப்படி வியாபாரம் போகிற மாதிரியே கிளம்பி, அனுராதபுரம் தாண்டி, ஆற்றங்கரையோடு நடந்து, ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அனுராதபுரத்துப் பக்கம் தான் பேசின சிங்களம் விளங்காத, தமிழ் பேசுகிற சனத்தைச் சந்தித்ததாகவும் நொக்ஸ் எழுதுகிறார். 1681இல் லண்டனில் அவருடைய புத்தகம் வந்தது.

வேலை செய்துகொண்டு ஊர் சுற்றினதுதான் அவருக்கு வீட்டுக்குப் போகிற வழியைக் காட்டியது. ஆனால் அவர் ஊர் சுற்றத் தேர்ந்தெடுத்தவர் இல்லை. எங்கே நிற்கிறது, எப்போ கிளம்புறது என்பதை இன்னொருத்தர் தீர்மானித்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு வருவோம்.

1954 டிசம்பரில் ஆதர் சி. கிளார்க் கப்பலில் அவுஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே பெரிய பவளத்திட்டில் நீருக்கடியில் படம் எடுத்து ஒரு புத்தகம் எழுதுவது அவருடைய வேலை. கப்பல் வழியில் கொழும்பில் அரை நாள் நின்றது. தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் வேலை செய்த ரொட்னி ஜொங்க்லாஸ் என்ற சுழியோடியைச் சந்தித்தார். இலங்கைக் கடலைப் பற்றிக் கேட்டறிந்தார். பிறகு மறுபடி கப்பலேறி, தன் கூட்டாளி மைக் வில்சனோடு அவுஸ்திரேலியாவில் வேலையை முடித்தார். அதற்குப் பிறகு, 1956இல், இலங்கைக்குத் திரும்பி வந்தார். 2008இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார்.

திரும்பி வந்த உடனே அவர்கள் இறங்கின கடல்களில் ஒன்று எங்கட சுவாமி மலையின் அடிவாரம். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த திருக்கோணேச்சரத்தின் செதுக்கிய தூண்களும் கற்களும் கடலுக்கடியில் கிடந்ததைப் பார்த்தார்கள். 1957இல் வந்த கிளார்க்கின் புத்தகத்தில் அந்தக் கதை இருக்கிறது. வேறெங்கேயோ வேலைக்குப் போகிற வழியில் அரை நாள் இறங்கின ஒருத்தர் மூலமாக எங்கட கோயிலின் தூண்கள் உலகத்துக்குத் தெரிய வந்ததை நினைத்தால் கொஞ்சம் விசித்திரமாத்தான் இருக்கு.

கிளார்க் செய்ததை ஒழுங்கு மாறாமல் பார்த்தால், வழியில் சின்னதாக நின்றார், பார்த்தார், வேலைக்குப் போனார், வேலை முடிந்ததும் பிடித்த இடத்துக்குத் திரும்பி வந்தார். அவரால் அப்படிச் செய்ய முடிந்ததற்கு அவருடைய ஆர்வம் மட்டும் காரணமில்லை. கையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது. கொழும்பில் இறங்க, சிட்னியில் இறங்க, திரும்பி வர அவரை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

இதை நான் யோசிக்கத் தொடங்கினது இரண்டு பேரால். ஒன்று, லண்டனில் பிறந்து வளர்ந்த என்ட மச்சாள். வயது 25. அவுஸ்திரேலியாவுக்கு 'வேர்க்கிங் ஹொலிடே' விசாவில் போகப்போறா. அதாவது சுற்றிப்பார்க்கலாம், செலவுக்கு வேலையும் செய்யலாம். "நேரா மெல்பேர்ன் போறதா, இல்ல முதல்ல திருமலைக்கு வந்து, இந்தியா எல்லாம் சுத்திட்டுப் போறதா?" என்று கேட்டா. மற்றது, என்னோட படிச்ச ஒரு நண்பன். அதே வயசு. சீசனுக்கு உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. கொரிய மொழிப் பரீட்சை பாஸ் பண்ணிட்டு, கொரியாக் கம்பனி ஏதாவது தன்னைத் தெரிவு செய்யுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் பரிமாறுகிற மேசைகளில் இருப்பவர்கள் பலர் என்ட மச்சாள் மாதிரி, ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தான்.

மச்சாளுக்கு விடை லேசு. அவுஸ்திரேலிய விசா கிடைத்தால் 12 மாதத்துக்குள் நாட்டுக்குள் போக வேண்டும். ஆனால் தங்கக்கூடிய 12 மாதமும் முதல் தடவை உள்ளே போகிற நாளில் இருந்துதான் எண்ணப்படும். ஆகவே வழியில் ரெண்டு மாதம் சுற்றினால் விசாவில் ஒரு நாளும் குறையாது. பிரித்தானியருக்கு வயதெல்லை 35, அதுவும் அவசரம் இல்லை. இரண்டாம் வருஷ விசாவுக்காகத் தோட்டத்தில் 88 நாள் வேலை செய்ய வேண்டும் என்ற விதியும் 2024 ஜூலையில் இருந்து பிரித்தானியருக்கு இல்லை. அவ கவனிக்க வேண்டியது காசை. போய் இறங்கும்போது ஏறக்குறைய 5,000 அவுஸ்திரேலிய டொலர் கையில் இருக்கிறது என்று காட்டச் சொல்லலாம். அதைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் சுற்றினால் சரி. திருமலைக்கு வாறதென்றால் மே முதல் செப்டெம்பருக்குள் வரட்டும். மாரியில் வந்தால் மழையைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

நண்பனுக்கு இந்தக் கேள்வியே வேறு மாதிரி. அவுஸ்திரேலியாவின் அந்த விசாப் பட்டியலில் இலங்கை இல்லை. இந்தியா 2024இல் சேர்ந்தது, அதுவும் வருஷத்துக்கு 1,000 பேர், குலுக்கல் முறையில். கொரியாவோடு 2004இல் போட்ட ஒப்பந்தத்தின்படி எங்கட பொடியன்கள் போகலாம், ஆனால் அது சுத்த வேலை விசா. எந்தத் தொழிற்சாலை, எந்தத் திகதியில் விமானம் என்பதெல்லாம் அங்கேயிருக்கிற முதலாளியும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் தீர்மானிக்கிறது. 'ஒரு மாதம் தாய்லாந்து சுத்திட்டு வாறேன்' என்று அங்கே சொல்ல ஏலாது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் கவலை. 2008 நவம்பர் வரை பிரித்தானியாவில் ஒரு திட்டம் இருந்தது. பொதுநலவாய நாட்டு இளைஞர்கள் இரண்டு வருஷம் அங்கே போய்ச் சுற்றலாம், செலவுக்கு வேலை செய்யலாம். 30 வயது வரை விண்ணப்பிக்கலாம். இலங்கையும் பொதுநலவாய நாடுதான், ஆகவே சட்டப்படி நாங்களும் அதற்குள் இருந்தோம். 2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை நடந்து, சனம் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தபோதும் அந்தக் கதவு காகிதத்தில் திறந்துதான் கிடந்தது. அந்த நேரத்தில் மூதூரில் யார் விடுமுறை விசாவைப் பற்றி யோசித்திருப்பார்கள்? கொழும்புக்குப் போகவே எத்தனை செக்பொயின்ட். 2008இல் அந்தத் திட்டத்தை மூடி, புதுத் திட்டத்தை அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஜப்பான் என்று நாலு நாடுகளோடு தொடங்கினார்கள். 2009இல் சண்டை முடிந்து, எங்கட ஊர்ப் பொடியன்களும் பிள்ளைகளும் பயமில்லாமல் பை தூக்கக்கூடிய காலம் வந்தபோது கதவு இல்லை.

ஆகவே 'முதல் சுத்துறதா, முதல் உழைக்கிறதா' என்பது தனிப்பட்ட ஆசையைப் பற்றின கேள்வி மாதிரித் தெரிந்தாலும், அதற்குப் பாதி விடையைக் கடவுச்சீட்டு ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறது. கொட்டியாரத்துக்கு வந்த பொடியனுக்கு அரசன் எழுதினான். எங்களுக்கு ஒப்பந்தங்கள் எழுதுகின்றன. இலங்கை அரசாங்கங்கள் ஆட்களை வேலைக்கு அனுப்புகிற ஒப்பந்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகின்றன. அனுப்புகிற பணம் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் இளைஞர்கள் வேலையும் செய்து ஊரையும் பார்க்கிற மாதிரி ஒரு ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்று நாங்களும் பெரிதாகக் கேட்டதில்லை. ஊர் சுற்றுவது வசதியானவங்கட பொழுதுபோக்கு என்று நாங்களே ஒதுக்கிவிட்டோம். நொக்ஸின் மூட்டை வியாபாரத்தைப் பார்த்தால் அது பொழுதுபோக்கு இல்லை, வழி படிக்கிறது என்று விளங்கும்.

நண்பனுக்கு நான் சொன்னது இதுதான்: பரீட்சைக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையில் உனக்குக் கிடைக்கிற மாதங்களைக் காத்திருப்பு என்று நினைக்காதே. போனால் மூன்று வருஷம், நீட்டினால் 4 வருஷம் 10 மாதம், லீவு எடுக்கிறதே கஷ்டம். சுற்றுவதற்கு உன் கையில் இருக்கிற காலம் இப்போதான். பெரிய காசும் வேண்டாம், விசாவும் வேண்டாம். சீசன் முடிந்ததும் மூதூருக்குப் பஸ் எடு, புளியமரக் கதையைக் கேள். பிறகு அனுராதபுரம் வழியாக அரிப்புக்குப் போ. நொக்ஸ் ஒளிந்து ஒளிந்து நடந்த தூரத்தை நீ ஜன்னல் சீட்டில் இருந்து பார்க்கலாம். வேறொருத்தன் நாட்டுக்குப் போய் உழைக்க முதல் உன்ட நாட்டின் நீளம் எவ்வளவு என்றாவது தெரிந்துகொண்டு போ.

"பஸ் காசு நீ தாறியா மச்சான்?" என்று கேட்டான். பாதி தாறேன் என்று சொல்லியிருக்கிறேன்.