காப்பகங்களில் மருந்து கொடுத்தல்

காப்பகத்தில் தங்கியிருப்போருக்கு உதவியாளர்கள் வேளை தவறாமல், ஆள் மாறாமல் மருந்து கொடுக்கும் பணி. மகாராஷ்டிரத்தின் தாணேயில் 1901-இல் தொடங்கிய மண்டல மனநல மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் இது செவிலியர் பொறுப்பு; அம்மாநில முதியோர் இல்லங்கள் பலவற்றிலோ ‘மாவுஷி’ எனப்படும் ஆயாக்களின் கைக்கு வந்துவிடுகிறது. பெயர், மருந்து, அளவு, வேளை, கொடுக்கும் வழி ஐந்தையும் மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டு, விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே பதிவேட்டில் குறிக்க வேண்டும். மெல்லக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் இறங்கும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை தரும் மெத்தோட்ரெக்சேட்டை நாள்தோறும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அதனால் சீட்டில் கிழமையை எழுதியே தீர வேண்டும். மராத்தி மட்டும் படிக்கத் தெரிந்த ஆயாவிடம் ஆங்கிலச் சீட்டை நீட்டுவது அநியாயம்.