பலாலியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?



கனடாவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் போன கிழமை கேட்டான்: "ரீச்சர், சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பிளேனில் எவ்வளவு நேரம்?" ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு விடை இருந்திருக்கிறது. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

தூரம் என்றும் ஒன்றுதான். பலாலிக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்தது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி 'சீதா தேவி' என்ற டக்கோட்டா விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, பலாலியில் இறங்கி, மெட்ராஸ் போனது. எயார் சிலோனின் முதற் சேவையே அதுதான். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. டக்கோட்டாவின் வேகத்தை மணிக்கு 270 கிலோமீற்றர் என்று வையுங்கள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஒரு மணி இருபது நிமிடம் வரும்.

பிறகு போர் வந்தது. பலாலி படைத்தளமானது. 1997இல் என் சித்தி சென்னையில் காலமானார். பாஸ் எடுத்து, கப்பலில் திருகோணமலை போய், கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்து, அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது அந்தியேட்டியும் முடிந்திருந்தது. அம்மா தங்கையின் படத்தைத்தான் பார்த்தா.

போர் முடிந்த பிறகும் பத்து வருடம் சுற்றுவழிதான். சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு 645 கிலோமீற்றர் தெற்கே பறந்து, அங்கிருந்து பஸ்ஸில் இரவிரவாக வடக்கே திரும்பி வர வேண்டும். 355 கிலோமீற்றர் ஆயிரமாகி, ஒரு முழு நாளைத் தின்றது.

2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11இல் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவில் நின்று, 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. இப்போது வருவது ஏரீஆர் 72 விமானம். ஏறி இறங்குவதையும் சேர்த்து ஒன்றேகால் மணி அளவில் வந்துவிடலாம். அதாவது எழுபது வருடத்துக்கு மேல் கழித்து, டக்கோட்டாவின் நேரத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம்.

தூரம், வேகம், நேரம் என்று வகுப்பில் உங்களுக்குச் சொல்லித் தந்தேன். பாதை திறந்திருக்க வேண்டும் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

பலாலியில் இறங்கும்போது யன்னலால் பாருங்கள். 1990இல் அந்த ஓடுபாதையைச் சுற்றியிருந்த ஊர்களை விட்டுப் போனவர்களில் இன்னும் தங்கள் காணிக்குத் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு சில மைல்தான். பயண நேரம் முப்பது வருடத்தைத் தாண்டிவிட்டது.

வாருங்கள் பிள்ளைகளே. வந்தால் வீட்டுக்கும் வந்து போங்கள்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்