பனையோலைக் கூரை

விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட பகுதிகளான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மண்சுவர் வீடுகளுக்குப் பனையோலை வேய்வது பழைய வழக்கமாகும். ஓலை அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்று வெயிலின் வெப்பத்தைத் தடுக்கிறது. ஈரம் தங்கினால் ஓலை மட்கும். எனவே ஈரக்காற்று வீசும் கடற்கரையைவிட மழை குறைந்த இவ்வட்டாரத்தில் கூரை கூடுதல் காலம் நிற்கும். ஆயினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும்.

ஓலைக்குத் தீ அச்சமும் உண்டு. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். 2010இல் தொடங்கப்பட்ட கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தமிழகக் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற முனைந்தது.

கான்கிரீட் தளம் தீப்பற்றாது. ஆனால் பகல் வெப்பத்தைச் சேர்த்து இரவில் வீட்டுக்குள் விடும். அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் சல்லித் தளமிட்டுத் தட்டோடு பதித்தால் வெப்பம் தணியும், மழைநீரும் இறங்காது.