கருந்துளைக்கு இரை கிடைத்த கதை

கன்னி ராசியில் சாதாரண விண்மீன் போலத் தெரியும் ஒரு புள்ளிக்கு 3சி 273 என்று பெயர். 1963இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்து, அது இருநூறு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருப்பதைக் கண்டார். அங்கிருந்தே இவ்வளவு ஒளி என்றால் எரிவது எது? மறு ஆண்டே அமெரிக்காவில் சால்பீட்டரும் சோவியத் நாட்டில் செல்டோவிச்சும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தார்கள். பெருங்கருந்துளை ஒன்று வாயுவை விழுங்குகிறது. விழும் வாயு சூடேறி ஒளிர்கிறது.

ஆனால் சுற்றிவரும் வாயு லேசில் விழாது. தன் கோண உந்தத்தை வேறெதற்காவது கொடுத்தால்தான் உள்ளே இறங்கும். பூமி சூரியனில் விழாததும் இதனால்தான். 1973இல் ஷக்கூராவும் சுன்யாயெவும் கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டுக்கு அருமையான கணக்கு ஒன்று போட்டார்கள். அந்த உந்தத்தைக் கைமாற்றும் உராய்வு வரும் இடத்தில் மட்டும், அதன் அளவு தெரியாமல், ‘அல்பா’ என்ற எழுத்தை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். மூலக்கூறுகளின் வழக்கமான உராய்வு வாயுவை உள்ளே இறக்க எள்ளளவும் போதாது.

விடையின் வித்து முன்பே விழுந்திருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர், 1960இல் இரண்டு உருளைகளுக்கிடையே சுழலும் மின்கடத்தும் திரவத்தை ஆராய்ந்தார். முந்திய ஆண்டு ரஷ்யாவில் வெலிகோவும் அதையே செய்திருந்தார். உள்ளே வேகமாகவும் வெளியே மெதுவாகவும் சுற்றும் பாய்மத்தில் மெல்லிய காந்தப் புலம் இருந்தாலே ஓட்டம் குலைந்துவிடும் என்பது முடிவு. கருந்துளைத் தட்டுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை 1991இல்தான் பால்பஸும் ஹாலியும் காட்டினார்கள்.

லயத்து முற்றத்தில் இரண்டு பிள்ளைகள் றப்பர் நாடாவால் பிணைந்து வட்டமாக ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்வட்டப் பிள்ளை முந்த, நாடா இழுபடும். அது முந்தியவரைப் பின்னிழுத்து, பிந்தியவரை முன்தள்ளும். காந்தப் புலக்கோடும் இப்படித்தான் உள்வாயுவின் உந்தத்தைப் பறித்து வெளிவாயுவுக்குக் கொடுக்கிறது. உந்தம் இழந்த வாயு மேலும் உள்ளே சரியும். அங்கே சுற்று இன்னும் வேகம், நாடாவும் இன்னும் இழுபடும். தட்டு முழுவதும் கொந்தளிக்கும். அந்தக் கொந்தளிப்புத்தான் ‘அல்பா’.

இரை மிகுந்தால் எழும் ஒளியே வாயுவை வெளியே தள்ளத் தொடங்கும். அந்த எல்லைக்கு எடிங்டனின் பெயர். எல்லையை மீறி விழுங்கும்போது தட்டு உப்பிவிடுகிறது. ஒளி வெளியேற வழியின்றி வாயுவோடு சேர்ந்து உள்ளே போகிறது. ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி பேரண்டத்தின் இளம் பருவத்திலேயே பெருங்கருந்துளைகளைக் காட்டியபின், அவை அவ்வளவு விரைவில் எப்படிப் பெருத்தன என்ற கேள்வியால் இந்த ஆராய்ச்சி சூடுபிடித்திருக்கிறது.

நுவரெலியாவில் கொழுந்தைக் கருக்கும் உறைபனி, வானம் துப்புரவாக இருக்கும் தை, மாசி இரவுகளில்தான் இறங்கும். அந்த இரவுகளில் விடியுமுன் கன்னி ராசி உச்சிக்கு வந்துவிடும். எட்டங்குலத் தொலைகாட்டி இருந்தால் 3சி 273ஐப் பார்க்கலாம். அட்டனிலும் நுவரெலியாவிலும் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர்களே, உயர்தர மாணவர்களுக்கு அதை ஒருமுறையாவது காட்டுங்கள். அதன் கணக்கில் ஒரு பங்கைப் போட்டவர் தமிழர் என்பதையும் சொல்லுங்கள்.