கிணற்று உப்பை மின்சாரம் சொன்ன கதை

பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மின்பகுபொருள் படிப்பித்து வருகிறேன். பாடப் புத்தகத்தில் இல்லாத நம்ம ஊர்ப் பகுதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி இறங்கிய பின் நாவலடி, கல்லடி, காத்தான்குடிக் கரையோரக் கிணறுகள் கரித்துவிட்டன. நல்ல நோக்கத்தோடு வந்தவர்கள் பம்ப் வைத்து இறைத்தார்கள். ஊறிய தண்ணீரும் கரித்தது, திரும்பவும் இறைத்தார்கள். 2005இல் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்புக் கிணறுகளின் உப்பைக் கணித்தது நாக்கால் அல்ல, மின்கடத்துதிறனால்.

அது எப்படி? காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. சீனிக் கரைசலும் கடத்தாது. உப்புக் கரைசலில் மின்குமிழ் எரியும். மின்சாரம்தான் உப்பைப் பிரிக்கிறது என்றே ஒரு காலத்தில் பலரும் நினைத்தார்கள். சுவீடன் நாட்டு அரீனியஸ் என்ற இளைஞர் 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வுக்குக் குறைந்த தரமே கிடைத்தது. 1887இல் அவர் தெளிவாகவே சொன்னார்: மின்சாரம் பாயும் முன்னரே, கரைந்தவுடன் உப்பு நேர், மறை அயன்களாகப் பிரிந்துவிடுகிறது. சீனி பிரியாமல் மூலக்கூறாகவே கரைகிறது. அதே கொள்கைக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது.

அயன் கூடினால் கடத்தலும் கூடும். மழைநீரில் சென்ரிமீற்றருக்குச் சில பத்து மைக்ரோசீமன் காட்டும் மீற்றர், கடல் நீரில் ஏறத்தாழ 50,000 காட்டும். ஒரு நிமிடத்தில் ஒரு கிணற்றை அளந்துவிடலாம்; மாதாமாதம் அளந்து ஒப்பிடலாம்.

அப்படித் தொடர்ந்து அளந்ததில்தான் தெரிந்தது: திரும்பத் திரும்ப இறைத்தது பெரிதாக உதவவில்லை, உப்பைக் கழுவி இறக்கியது மாரி மழைதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி; நடுவில் உள்ள மணலுக்குள் நன்னீர் பாரம் குறைந்ததால் உவர்நீரின் மேலே மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலே ஏறும்.

இப்போது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது, கிணற்றை மறந்துவிட்டோம். ஆனால் தோட்டத்துக்கு மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கோடையில் நேரம் பார்த்து நிறுத்துங்கள். உங்கள் ஊர்ப் பாடசாலையில் மீற்றர் இருந்தால், பிள்ளைகளிடம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொடுத்தனுப்புங்கள். மாரிக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை அளந்து கொப்பியில் எழுதி வைக்கட்டும்.