டச்சிங் செய்த முகங்கள்

குற்றாலத்தைப் பற்றி எழுதுபவர்கள் அருவியில்தான் தொடங்குவார்கள். நான் வசந்தவல்லியில் தொடங்குகிறேன். நம் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் நாயகி அவள். அவள் வந்து நின்றதும் கவிராயர் கூந்தலில் பிடித்து ஒவ்வோர் அங்கமாக வர்ணித்துக்கொண்டே இறங்குவார். ஏறத்தாழ முந்நூறு வருஷமாக இந்தப் பக்கத்து ஜனங்கள் அதைக் கேட்டு ரசித்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, "என் இடை இப்படி இல்லையே" என்று எந்தத் தென்காசிப் பெண்ணும் சோற்றை ஒதுக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கவிராயர் மிகைப்படுத்துகிறார் என்பது பாடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

போட்டோ வந்தபின் நிலைமை வேறு. படம் உள்ளதை உள்ளபடி காட்டும் என்று உலகமே நம்பியது. 1839-இல் பாரிஸில் தாகேர் என்பவரின் முறை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. பதினாறே வருஷம், 1855-இல் அதே பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சியில் மியூனிக் நகரத்துப் படக்காரர் ஹான்ஃப்ஷ்டெங்கல் ஒரே ஆளின் இரண்டு படங்களை வைத்தார். ஒன்று எடுத்தபடியே இருந்தது. மற்றது நெகட்டிவில் கைவேலை செய்து திருத்தியது. கூட்டம் அசந்து போனதாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய அந்த நேர்மையை மட்டும் பின்னால் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

அந்தக் கைவேலைக்கு நம் ஊர் ஸ்டுடியோக்களில் 'டச்சிங்' என்று பெயர். சாய்வான மேசையில் நெகட்டிவைப் பொருத்தி, அடியிலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், பருத் தழும்பு, அம்மைத் தழும்பு எல்லாம் அப்படி மறைந்துவிடும்.

1974-இல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது எடுத்த படமும் அப்படித்தான் வந்தது. அப்பா உத்தியோகத்தால் நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, சொந்த ஊருக்கு வந்து தாலுகா ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்திருந்த சமயம். படத்தைப் பார்த்த என் ஆச்சி, "இது யாரு தாயி, நம்ம வீட்டுப் புள்ளையா?" என்றாள். யாரும் ஏமாறவில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, "பொண்ணு என்ன நிறம்?" என்று தனியாக விசாரித்தார்கள். "மாநிறம்" என்று கடிதத்தில் பதில் போனது. டச்சிங் என்பது ஊரறிந்த ரகசியம். அதுவும் வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ நடக்கிற காரியம்.

அந்தக் காலம் தங்கமான காலம் என்று சொல்ல வரவில்லை. நிறத்தைச் சொல்லி எத்தனை பெண்களை அழவைத்திருக்கிறார்கள் என்று என் வயதுக்காரிகளுக்குத் தெரியும். அந்த அழுகையை வியாபாரமாக்கியவர்களும் அன்றே இருந்தார்கள். 1919-லேயே பம்பாயில் ஆப்கன் ஸ்னோ வந்துவிட்டது. 1941-இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் சோப்பு விளம்பரத்தில் தோன்றினார். 1952-இல் டாடா குழுமத்தார் லக்மே கம்பெனியைத் தொடங்கினார்கள். லக்மே என்பது 1883-இல் பாரிஸில் அரங்கேறிய ஓர் இசை நாடகத்தின் பெயர். அதில் வரும் இந்தியப் புரோகிதரின் மகள்தான் லக்மே. நம் லட்சுமி பிரெஞ்சுக்காரர் வாயில் நுழைந்து, லிப்ஸ்டிக் டப்பாவில் ஏறித் திரும்பி வந்தாள் என்று நான் சொன்னால் ஆபீசில் யாரும் நம்பமாட்டார்கள்.

1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. வெளுத்தால்தான் மாப்பிள்ளை, வெளுத்தால்தான் வேலை என்று அதன் விளம்பரங்கள் வருஷக்கணக்கில் சொல்லின. ஜனநாயக மாதர் சங்கம் புகார் செய்து, 2003-இல் அப்படிப்பட்ட சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. சென்னையில் 2009-இல் ஒரு பெண்கள் அமைப்பு 'கறுப்பே அழகு' என்ற பொருளில் இயக்கம் நடத்தியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதற்குக் குரல் கொடுத்தார். 2020-இல் அந்தக் களிம்பின் பெயரில் 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. டப்பாவுக்குள் பெரிதாக எதுவும் மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

உடம்பு விஷயம் மட்டும் அன்று வேறு மாதிரி இருந்தது. ஒல்லியாக இருந்தால்தான் குறை. "காத்தடிச்சா பறந்துருவா" என்பார்கள். பூசினாப்பல இருந்தால் பாராட்டு. தொண்ணூறுகளில் திருச்சிப் பக்கம் ரசிகர்கள் குஷ்புவுக்குக் கோயில் கட்டினார்களே, அந்த உடல்வாகை இன்றைய பிள்ளைகள் குண்டு என்கிறார்கள். 1994-இல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் உலகப் பட்டங்கள் வாங்கிய பிறகு அளவுநாடா மாறத் தொடங்கியது என்பது என் கணக்கு.

நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன பிஜித் தீவிலும் இதுவே நடந்தது. அங்கே பூர்வகுடிகள் நல்ல தாட்டியான உடம்பைத்தான் மதிப்பவர்கள். ஒரு பகுதிக்கு 1995-இல்தான் டெலிவிஷன் வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே பள்ளிச் சிறுமிகளிடம் அந்த வருஷமே விசாரித்தார். 1998-இல் மறுபடி விசாரித்தார். எடை குறைப்பதற்காக வலிய வாந்தி எடுத்ததாக முதல் தடவை ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்றே வருஷத்தில் அது 11.3 சதவீதம். தான் குண்டு என்று சில நேரம் நினைப்பதாக 74 சதவீதம் பேர் சொன்னார்கள். செல்போன் இல்லாமல், வெறும் டெலிவிஷனில் வந்த வினை இது.

இன்ஸ்டாகிராம் வந்தது 2010-இல். 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் அது நம் தெருக்களுக்கும் வந்து சேர்ந்தது. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே ரீல்ஸ் வந்துவிட்டது. புடவை கட்டிக் காட்டுகிற பெண், சுடிதார் மாற்றி மாற்றிக் காட்டுகிற பெண், எல்லாருக்கும் ஒரே இடை, ஒரே கன்னம். 2021-இல் பிரான்சஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் அந்தக் கம்பெனியின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடம்பைப் பற்றிய மனக்குறை ஏற்கெனவே உள்ள சிறுமிகளில் மூவரில் ஒருத்திக்கு இன்ஸ்டாகிராம் அதைக் கூட்டுகிறது என்று கம்பெனியின் சொந்த ஆய்வே அதில் சொல்லியிருந்தது.

டச்சிங் கண்காட்சிக்கு வந்த பிரான்சிலேயே அதற்குச் சட்டமும் வந்தது. 2017 அக்டோபர் 1 முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடம்பை மெலியவோ பருக்கவோ வைத்திருந்தால் 'ஃபோட்டோகிராஃபி ரெத்தூஷே', அதாவது 'திருத்திய படம்' என்று அச்சிட வேண்டும். மீறினால் 37,500 யூரோ அபராதம். 2023-இல் இணையத்தில் பொருள் விற்கும் பிரபலங்களுக்கும் இதைப் போன்ற விதியைக் கொண்டுவந்தார்கள். நார்வேயில் 2022 ஜூலையிலிருந்து இப்படிச் சட்டம் உண்டு. நம் நாட்டில் விளம்பரத் தர அமைப்பு 2014-இல் வகுத்த நெறிமுறை, கறுத்த நிறத்தை இழிவாகக் காட்டக்கூடாது என்கிறது.

நல்ல சட்டங்கள்தான். ஆனால் அவை வியாபாரியை மட்டும்தான் பிடிக்கும். இப்போது டச்சிங் செய்வது அந்தப் பெண்ணேதான். சில போன்களில் முகத்தை மெருகேற்றும் வசதி வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். அந்த முகத்தைத் தினம் இருபது தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு முன் நின்றால் கண்ணாடிதான் பொய் சொல்வதாகத் தோன்றும். என் ஆச்சி போல "இது யாரு தாயி?" என்று கேட்க அங்கே ஆளில்லை.

இன்னொன்றும் போய்விட்டது. மெயின் அருவியில் பெண்கள் பக்கம் குளித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சாரல் காலத்தில் அங்கே நிற்கும் நாற்பது ஐம்பது பேரில் எல்லா வயதும் இருக்கும். நாலு பெற்ற வயிறு, தொங்கிய கை, நரம்பு புடைத்த கால், கறுப்பு, சிவப்பு, தேமல். நனைந்த சேலையில் எதை மறைக்க முடியும்? எண்ணெய் தேய்த்துக்கொண்டு, முன்பின் தெரியாதவளிடம் "முதுகுல கொஞ்சம் தடவி விடுங்க மதினி" என்பார்கள். பதினைந்து வயதுப் பெண் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வளர்வாள். பெண்ணுடம்பு இப்படி இப்படி இருக்கும், இப்படி இப்படி மாறும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துவிடும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

போன சீசனில் எங்கள் தெருப் பெண்கள் வேன் பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை ஒருத்தியும் வந்தாள். மூன்று மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாள் என்று அவள் அம்மா வேனில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன், "குண்டாயிருவேன்னு பயப்படுதாக்கா, இதுக்குப் போயி டாக்டரா?" என்றாள். இதற்கும் டாக்டர் உண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு என்று எடுத்துச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

அருவிக்குப் போனதும் அந்தப் பிள்ளை படியிலேயே நின்றுவிட்டாள். "நீங்க குளிங்க ஆச்சி, நான் பையெல்லாம் பாத்துக்கிடுதேன்" என்றாள். இப்போது அருவிக்குள்ளேயும் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். யார் படத்திலாவது தன் கை தடியாகத் தெரிந்துவிடும் என்பது அவள் பயம். இதை அவளே திரும்பி வருகிற வழியில் என்னிடம் சொன்னாள். எங்கள் எல்லார் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு அவள்தான் சிரிக்கச் சிரிக்கப் படம் எடுத்தாள். ராத்திரி வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் படம் இருந்தது. ஒன்றில்கூட அவள் இல்லை.