40 பவுண்டும் 440 மில்லியன் பவுண்டும்

பட்டம் வாங்கி மூன்றாவது மாதம் இருக்கும். வேலை இடத்தில் ஒரு பம்பின் பேரிங் அடிக்கடி சூடேறிக்கொண்டே இருந்தது. தேடினால், அதைப் பற்றியே ஓர் ஆய்வுக்கட்டுரை! ஆனால் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்பட்டிருந்தது. திரை 35 டாலர் கேட்டது. எழுதியவருக்கு அதில் எவ்வளவு போகும் என்று பழைய சூப்பர்வைசரிடம் கேட்டேன். “ஒரு காசும் இல்லப்பா. ரிவ்யூ பண்றவங்களுக்கும் கிடையாது” என்றார்.

அப்படியென்றால் யாருக்கு? இந்தக் கேள்விதான் என்னை 1665க்கு இழுத்துப் போனது.

அந்த ஆண்டு மார்ச்சில், லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ‘ஃபிலாசஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழைத் தன் சொந்தப் பொறுப்பில் தொடங்கினார். ஆண்டுக்கு 150 பவுண்டு வரும் என்று கணக்குப் போட்டார் மனுஷன். வந்தது ஏறக்குறைய 40தான். 1752இல் இதழின் செலவைச் சொசைட்டியே ஏற்றுக்கொண்டது. அதன்பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பெரும்பாலும் நஷ்டம்தான். பிரதிகளை இலவசமாகவும் கொடுத்தார்கள். அறிவியல் இதழ் என்றால் கைக்காசு போட்டு நடத்துவது என்றுதான் அன்றைக்கு நினைப்பு.

அந்த நினைப்பை மாற்றியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் மேக்ஸ்வெல். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியானவர். 1951இல் ஒரு சிறிய பதிப்பகத்தைக் கைப்பற்றி, பெர்கமான் பிரஸ் என்று பெயர் வைத்தார். போருக்குப் பின் அரசாங்கங்கள் ஆய்வுக்குப் பணத்தைக் கொட்டிய காலம் அது. சங்கங்களின் இதழ்களில் கட்டுரைகள் வரிசையில் காத்துக் கிடந்தன. மேக்ஸ்வெல் துறைக்கொரு புது இதழாகத் தொடங்கிக்கொண்டே போனார்.

அவர் புரிந்துகொண்டது எளிமையான விஷயம். மளிகைக் கடையில் ஒரு மிளகாய்த்தூள் விலை ஏறினால் இன்னொன்றை எடுக்கலாம். ஆய்வுக்கட்டுரை அப்படி இல்லை. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. புது இதழ் வந்தால் நூலகம் பழையதை நிறுத்தாது, இரண்டையும் வாங்கும். படிப்பவர் பேராசிரியர், பில் கட்டுவது நூலகம். விலையைப் பற்றிப் பேராசிரியருக்கு என்ன கவலை? சரக்கும் இலவசம், தரச் சோதனையும் இலவசம். பொறியாளனாகச் சொல்கிறேன், இப்படி ஒரு உற்பத்தி வரிசை எனக்குக் கிடைத்தால் நானும் முதலாளிதான்.

1991இல் எல்செவியர் பெர்கமானை 440 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பால் கின்ஸ்பார்க் இயற்பியல் கட்டுரைகளைக் கணினி வழி இலவசமாகப் பகிரத் தொடங்கினார். இன்றைய ஆர்க்கைவ் அதுதான். நவம்பரில் மேக்ஸ்வெல் தன் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தார்.

இப்போது வாசகருக்கு இலவசம், எழுதுபவர் கட்டணம் கட்டு என்கிறார்கள். ‘நேச்சர்’ 2021க்கு அறிவித்தது 9,500 யூரோ. அன்றைக்கு நம் காசுக்கு 45,000 ரிங்கிட்டுக்கு மேல்! பூட்டு வாசலிலிருந்து கொல்லைப்புறத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 2023இல் ‘நியூரோஇமேஜ்’ ஆசிரியர் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர், 3,450 டாலர் கட்டணம் அதிகம் என்று மொத்தமாக விலகி, லாபநோக்கற்ற புது இதழ் ஒன்றைத் தொடங்கினார்கள். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் இது.

அந்த பேரிங் கட்டுரையா? எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டேன். மறுநாள் காலை பிடிஎஃப் வந்தது, கூடவே “பம்ப் சரியானதும் சொல்லுங்கள்” என்று ஒரு வரி.